ஹியூமைப் படிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே வரிதான்: பகுத்தறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படி இருப்பதே முறை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'மனம் போன போக்கில் போ என்கிறார்' என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு.

அவர் சொன்னது வேறு. எதனால் எது விளையும் என்று பகுத்தறிவு காட்டும். ஆனால் அந்த விளைவு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நமக்குப் படாவிட்டால், கையைக்கூட அசைக்க மாட்டோம். அதற்காகப் பகுத்தறிவுக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. சொன்ன நேரத்துக்கு நண்பர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கோபம் ஏறுகிறது. அவர் தன் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டிருந்தார் என்று அப்புறம் தெரியவருகிறது. கோபம் இருந்த இடம் தெரியாமல் போகிறது. யாரும் அதை அடக்கவில்லை. 'அலட்சியம்' என்று நினைத்தது பொய் என்றானதும் அது தானாகவே விலகிவிட்டது. உண்மை இன்னது என்று தெரிந்ததும் உணர்ச்சி எதிர்ப்பின்றி வழிவிடும் என்று ஹியூமே எழுதியிருக்கிறார்.

காரமாக ஒரு பதில் எழுதுகிறோம், அனுப்பாமல் நிறுத்திவிடுகிறோம். 'அறிவு ஜெயித்தது' என்போம். அவர் கணக்கில் ஜெயித்தது இன்னொரு உணர்ச்சி: உறவு கெடக் கூடாது என்ற நிதானமான விருப்பம். அது ஆர்ப்பாட்டமில்லாமல் வேலை செய்வதால் அறிவு என்று மயங்கிவிடுகிறோம். அவர் எழுதியதிலேயே மிக நுட்பமான கவனிப்பு இது என்பேன்.

அடுத்த தவறு, 'அறம் உணர்ச்சியிலிருந்து வருகிறது என்றால் அவரவர்க்கு அவரவர் நியாயம்தானே' என்பது. எதிரியின் வீரம் நமக்குக் கெடுதல்; இருந்தும் மனம் அதை மெச்சுகிறது. எப்படி? சொந்த லாபநஷ்டத்தை ஒதுக்கிவைத்து, எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் நின்று பார்க்கிறோம். அங்கே எழும் உணர்வைத்தான் அவர் அறத்தீர்ப்பு என்கிறார்.

'காரணம் என்று எதுவுமே இல்லை என்றவர்' என்பதும் தவறு. காரணமில்லாமல் ஒன்று தோன்றலாம் என்ற அபத்தத்தைத் தான் ஒருபோதும் சொன்னதில்லை என்று 1754இல் ஒரு கடிதத்தில் மறுத்திருக்கிறார். எதற்கும் ஒரு காரணம் உண்டு என்ற உறுதி நமக்கு எங்கிருந்து வருகிறது என்பதே அவர் கேள்வி. பழக்கத்திலிருந்து என்பது பதில்.

கடைசியாக, எதிலிருந்து தொடங்குவது என்பதிலும் சறுக்குகிறோம். 1739-40இல், இருபதுகளின் இறுதியில் அவர் வெளியிட்ட 'மனித இயல்பு பற்றிய ஆய்வுரை'க்கு மூன்று பாகங்கள்: அறிதல், உணர்ச்சிகள், அறம். முதல் பாகத்தோடு நிறுத்துபவர்களுக்கு ஹியூம் வெறும் சந்தேகவாதியாகவே தெரிவார். அந்த நூலையே இளவயது முயற்சி என்று பின்னாளில் அவர் ஒதுக்கினார். தன் எழுத்துகளில் ஒப்பற்றதாக அவர் கருதியது 1751இல் வந்த 'அறநெறி விசாரணை' என்ற நூலை. முதன்முதலாகப் படிப்பவர்கள் அதில் தொடங்கலாம். அளவில் சிறியது, நடையும் தெளிவு.