முன்னாள் படைவீரர் அட்டையை வைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த ஒரு வருஷத்தில் பர்சில் மூன்று அட்டைகள் சேர்ந்துவிடும். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, இ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை, கேன்டீன் கார்டு. இது போக பீரோவில் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை. எல்லாம் ஒரே ஆளுக்குக் கொடுத்ததுதானே, எதைக் காட்டினாலும் வேலை நடக்கும் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அடையாள அட்டையைத் தருவது உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகம். மருத்துவ அட்டை இ.சி.எச்.எஸ். அமைப்பு தருவது. கேன்டீன் கார்டு, ராணுவக் கேன்டீன்களுக்குச் சரக்கு தரும் சி.எஸ்.டி. சம்பந்தப்பட்டது. தரைப்படைக்காரர் பென்ஷன் பிரயாக்ராஜில் இருக்கும் பி.சி.டி.ஏ. என்ற ராணுவக் கணக்கு அலுவலகத்தின் கையில். ஒன்றில் பெயரைத் திருத்தினால் மற்றதில் தானாக மாறாது. ஆனால் எல்லாரும் கடைசியில் சரிபார்ப்பது ஒன்றைத்தான்: ரெக்கார்ட் ஆபீஸில் உங்கள் பெயரில் இருக்கும் பணிப் பதிவேடு. அதில் இல்லாதது எந்த அட்டையிலும் வராது, வந்தாலும் நிலைக்காது.

அதனால் முதல் தவறு, பெயர் விஷயத்தை அலட்சியமாக விடுவது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இனிஷியல் என்று தனித் தலைவலி வேறு. பட்டாளத்தில் சேர்ந்தபோது எழுதியது ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் மாதிரி உட்கார்ந்திருக்கும். படைவீரருக்காவது பரவாயில்லை, ராணுவ எண் இருக்கிறது, அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மனைவி விஷயம்தான் கஷ்டம். கல்யாணமான புதிதில் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு) 'செல்வி' என்று எழுதிக் கொடுத்திருப்பார், ஆதாரில் 'தமிழ்ச்செல்வி' என்று இருக்கும். பிறந்த தேதியும் அப்போது குத்துமதிப்பாகச் சொன்னது, பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாது. அவர் உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மா மனு கொடுக்கும்போதுதான் 'செல்வி யார், தமிழ்ச்செல்வி யார்' என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அப்போது இருக்க மாட்டார்.

பணியில் இருக்கும்போதே என்றால் யூனிட் கிளார்க்கிடம் சொல்லி பார்ட் டூ ஆர்டர் போட்டுச் சரிசெய்துவிடலாம். வெளியே வந்த பிறகு அதே திருத்தத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். முடியாத வேலை ஒன்றும் இல்லை, மாவட்ட நல அலுவலகத்திலேயே எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே மனைவி, பிள்ளைகள், பெற்றோரின் ஆதாரைப் பணிப் பதிவேட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, யார் முன்னாள் படைவீரர் என்பதிலேயே வரும் குழப்பம். காக்கியோ பச்சையோ சீருடை போட்டு எல்லையில் நின்றவர் எல்லாரும் ஊரில் 'மிலிட்டரிக்காரர்'தான். அரசு விதியில் அப்படி இல்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படையிலிருந்து பென்ஷனோடு வந்தவர், பணியில் ஏற்பட்ட மருத்துவக் காரணத்தால் வெளியேறியவர், ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டவர் ஆகியோர் முக்கியமாக இந்தப் பட்டியலில் வருவார்கள். பென்ஷன் கிடைக்கும் முன்பே சொந்த விருப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் வரமாட்டார். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஆட்களுக்கு வேறு ஏற்பாடுகள், வேறு கேன்டீன், பிள்ளைகளுக்கு வேறு உதவித்தொகை. அந்த மனுவை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து நாளை வீணாக்க வேண்டாம். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து நான்கு வருஷத்தில் வெளியே வரும் அக்னிவீரர்களுக்கும், அந்தத் திட்டத்தின் விதிப்படி, முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ இ.சி.எச்.எஸ்., கேன்டீன் வசதியோ கிடையாது. ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பையனை அனுப்பும் வீட்டில் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இனி டோல்கேட். வாரம் ஒரு சண்டையாவது இதற்காக நடக்கும் போலிருக்கிறது. அட்டையை நீட்டி 'நான் எக்ஸ் சர்வீஸ்மேன், விடு' என்பது, அந்தப் பையன் முடியாது என்பது, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிப்பது. இந்தச் சலுகைக்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது 1901-ஆம் வருஷச் சட்டம். அது பணியில் இருப்பவருக்கு, அதுவும் பணி நிமித்தமாகப் போகும்போது. ஓய்வு பெற்றவரின் சொந்தக் காருக்கு அதில் இடமில்லை. 2008-ஆம் வருஷத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியில் விலக்கு இருப்பது பரம்வீர் சக்ரா, அசோக் சக்ரா, மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌர்ய சக்ரா விருது பெற்றவர்களுக்கு, அவர்களும் புகைப்பட அட்டையைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பாஸ்டேகில் காசு போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் மரியாதை. கண்ணாடியில் 'ஆர்மி' ஸ்டிக்கர் ஒட்டினால் வழி விடுவார்கள் என்பதும் அதே ரகம். சென்னையில் 2024 மே 2 முதல் தனியார் வண்டிகளில் இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களுக்குப் போக்குவரத்து போலீஸ் அபராதம் போட ஆரம்பித்தது நினைவிருக்கலாம். ரயிலிலும் இந்த அட்டையைக் காட்டிப் பொதுவான கட்டணச் சலுகை எதுவும் வாங்க முடியாது. சில விமான நிறுவனங்கள் ஓய்வு பெற்றவருக்கும் சலுகைக் கட்டணம் வைத்திருக்கின்றன, அது உண்மை. ஆனால் அந்தக் கட்டணத்தில் டிக்கெட் போட்டுவிட்டு அட்டையை வீட்டில் மறந்துவிட்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

மருத்துவ அட்டையில் வரும் தவறுகளுக்கு விலை அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு பென்ஷனோடு வந்தவர்கள் கட்டாயம் உறுப்பினர்தான். ஓய்வு பெறும்போது ஒருமுறை கட்டும் சந்தாவாக ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையான ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 என்று 2017 கடைசியில் நிர்ணயித்தார்கள். 1996 ஜனவரி 1-க்கு முன்பே ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் சந்தா இல்லை. அந்தத் தலைமுறையில் இன்னும் சேராமல், மாத மருத்துவப்படியே போதும் என்று இருப்பவர்கள் உண்டு. எழுபது எண்பது வயதில் மாதம் 1,000 ரூபாய் எதற்குக் காணும்? ஒரு இதய அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அட்டை கையில் இருந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று நினைப்பது இங்கே அதிகம் நடக்கும் தவறு. சாதாரண சூழலில் முதலில் இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக், அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல் போட்டுக் கொடுத்த பிறகுதான் அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரி. அந்த அங்கீகாரத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அங்கே இருக்கும் எல்லாப் பிரிவுகளும் பட்டியலில் இருக்கும் என்று அர்த்தமில்லை. கண் சிகிச்சைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய இடத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு அட்டை செல்லாது. ரெஃபரல் வாங்கும்போதே எந்தப் பிரிவுக்கு எங்கே அங்கீகாரம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரம் என்றால் கதை வேறு. நெஞ்சு வலி வந்தவரைத் தூக்கிக்கொண்டு ரெஃபரலுக்கு யாரும் ஓட வேண்டியதில்லை, எது பக்கமோ அங்கே சேர்க்கலாம். அது பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். வீட்டில் எல்லாரும் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது இது யாருக்கும் ஞாபகம் வராது, அதனால்தான் பாலிகிளினிக் நம்பரை மனைவி, பிள்ளைகள் எல்லாருடைய போனிலும் இன்றைக்கே சேமித்து வையுங்கள் என்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் நீங்கள் கட்டிய பில் முழுதும் திரும்ப வராது, சி.ஜி.எச்.எஸ். எனும் மத்திய அரசு மருத்துவத் திட்டத்தின் விகிதப்படி எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். அந்த வித்தியாசம் சில சமயம் லட்சத்தில் இருக்கும், முதல் அவசரம் தணிந்ததும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சார்ந்தோர் விஷயத்தில் தெரிந்தே செய்யும் தவறும் உண்டு. மகனுக்கு 25 வயது அல்லது வேலை அல்லது கல்யாணம், எது முதலில் வருகிறதோ அத்தோடு சரி. மகளுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகும்வரை. பெற்றோர் என்றால் அவர்கள் வருமானம், அகவிலைப்படி சேர்க்காமல், மாதம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேலைக்குப் போன மகனின் அட்டையை ஒப்படைக்காமல் 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால், தெரியவரும்போது வாங்கியதற்கெல்லாம் பணம் கேட்பார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இந்த வயது வரம்பு இல்லை, ஆனால் அதற்கான சான்றிதழைச் சேர்த்திருக்க வேண்டும். இதைத் தெரியாமல் 25 வயதோடு அட்டை போய்விட்டது என்று விட்டுவிட்ட வீடுகளும் இருக்கின்றன.

வாழ்நாள் சான்று. ஸ்பர்ஷ் என்ற இணையவழி பென்ஷன் முறைக்கு மாறிய பிறகு இதில் ஒரு புதுத் தவறு முளைத்திருக்கிறது. இ-சேவை மையத்திலோ போனிலோ ஜீவன் பிரமாண் எனும் இணையவழி வாழ்நாள் சான்று போடும்போது, பென்ஷன் வழங்குவது யார் என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் பாங்க் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று போட்டாச்சு என்று குறுஞ்செய்தியும் வந்துவிடும், பென்ஷன் மட்டும் வராது. ஸ்பர்ஷில் இருக்கும் தரைப்படைக்காரர் அனுமதி அளிக்கும் இடத்தில் 'டிஃபென்ஸ் பி.சி.டி.ஏ. அலகாபாத்' என்பதையும், வழங்கும் இடத்தில் 'ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. அலகாபாத்' என்பதையும் எடுக்க வேண்டும். ஊர் பெயர் மாறினாலும் அந்தப் பட்டியலில் இன்னும் அலகாபாத்தான். பி.பி.ஓ. எண்ணும் பழையது இல்லை, ஸ்பர்ஷ் கொடுத்த 12 இலக்க எண். மையத்தில் இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

வேலை இட ஒதுக்கீட்டில் ஒரு தவறு வாழ்க்கையையே திருப்பிவிடும். மத்திய அரசில் குரூப் சி பணிகளில் 10 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 சதவீதம், தமிழ்நாட்டில் குரூப் சி-யில் 5 சதவீதம் என்று ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு வேலைக்கு வயதில் பணிக்காலத்தைக் கழித்து அதற்கு மேல் மூன்று வருஷமும் விடுவார்கள். ஆனால் ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அத்தோடு அந்தச் சலுகை முடிந்தது. இதற்கு ஒரு விலக்கு 2014 ஆகஸ்ட் 14 தேதியிட்ட உத்தரவில் இருக்கிறது: முதல் வேலையில் சேரும் முன்பே வேறு எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று தேதி வாரியாக எழுதி, சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அந்த வேலைகளுக்கு மட்டும் முன்னாள் படைவீரராகவே தொடரலாம். பலர் கிடைத்த வேலையில் சந்தோஷமாகச் சேர்ந்துவிட்டு இந்தத் தாளைக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதைவிட நல்ல வேலைக்குத் தேர்ச்சிப் பட்டியல் வரும், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்புவார்கள். கொடுத்த தாளுக்கு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் வாக்குவாதம் வேண்டாம்.

பிள்ளைகள் படிப்புக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது, தொழிற்படிப்புக்கு. மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500. 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதல் வருஷத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் வருஷத்தில் போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

கேன்டீன் கார்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கார்டைக் கைமாற்றிக் கொடுப்பதும், சரக்கை வாங்கி லாபத்துக்கு விற்பதும் விதிமீறல். பிடிபட்டால் கார்டு முடங்கும். இரண்டு பாட்டிலுக்காக ஆயுள் முழுக்க வரும் வசதியை இழப்பது புத்திசாலித்தனம் இல்லை.

அதைவிட ஆபத்தானது அட்டையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இணையத்தில் பழைய புல்லட், பழைய ஃபிரிட்ஜ் விற்கிறேன் என்று விளம்பரம் போட்டு, 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாறுதல் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன்' என்று சொல்லி, நம்பிக்கைக்கு ஒரு ராணுவ அட்டையையும் கேன்டீன் கார்டையும் அனுப்பும் மோசடி பல வருஷமாக நடக்கிறது. அந்த அட்டைகள் பல சமயம் நிஜமானவைதான், யாரோ ஒருவர் எங்கோ பகிர்ந்தது. பணத்தை இழந்தவர் போலீஸுக்குப் போகும்போது தேடி வருவது உங்கள் பெயரை. முன்னாள் வீரர்கள் குழு என்றாலும் அதில் போடாதீர்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். தொலைந்துபோனால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கை பதிவு செய்யலாம், அதை அன்றைக்கே செய்துவிட்டு, அட்டை கொடுத்த அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பென்ஷன் இல்லாமல் வந்தவருக்கு ஒன்றுமே கிடையாது என்று ஒதுங்கி நிற்பது. முன்னாள் படைவீரர் தகுதி உள்ள, 65 வயது தாண்டிய, பென்ஷனோ நிலையான வருமானமோ இல்லாத ஹவில்தார் நிலை வரையிலானவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய அரசின் நல நிதியிலிருந்து மாத உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள். மனு மாவட்ட நல அலுவலகம் வழியாகத்தான் போகும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவரோ அம்மாவோ இருந்தால், டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுத்துக்கொண்டு அவரோடு ஒருமுறை அங்கே போய்வாருங்கள்.