பாடம் நின்றது, இதயம் நிற்கவில்லை: அனிமேட்டில் தவிர்க்க வேண்டிய டைம்லைன், பட்டன் தவறுகள்

அடோபி அனிமேட் என்ற அனிமேஷன் மென்பொருளில், உலாவியில் ஓடும் எச்டிஎம்எல்5 கேன்வாஸ் வடிவத்துக்காக ஓர் உயிரியல் பாடம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதன்மை டைம்லைனில், அதாவது பிரேம்கள் (படச் சட்டங்கள்) ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசையில், பாடத்தின் பகுதிகள் இருக்கின்றன. அதற்குள் 'இதயம்' என்ற மூவி கிளிப், அதாவது தானே ஓடும் ஒரு துண்டு அனிமேஷன். இதயத்துக்குள் நான்கு வால்வுகள், ஒவ்வொன்றும் தனி மூவி கிளிப். கீழே 'நிறுத்து' பட்டன். அழுத்தினால் பாடம் நிற்கிறது. இதயம் மட்டும் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கிறது.

மென்பொருள் மேல் பழி போட வேண்டாம். மூவி கிளிப் ஒவ்வொன்றுக்கும் சொந்த டைம்லைன் உண்டு. ஸ்டாப் (நில்) என்ற கட்டளை, எந்த டைம்லைனிடம் சொன்னோமோ அதை மட்டும்தான் நிறுத்தும். உள்ளே இருப்பவற்றுக்குப் போய்ச் சேராது. சரி என்று பலரும் இதயத்துக்கும் நான்கு வால்வுகளுக்கும் தனித்தனியாக ஸ்டாப் எழுதிவிடுவார்கள். வேலை செய்யும், 'தொடர்' பட்டனை அழுத்தும்வரை. ஒரு வால்வை மூடிய நிலையில் காட்டுவதற்காக நாமே முன்பு நிறுத்தி வைத்திருப்போம். 'தொடர்' அழுத்தியதும் எல்லாவற்றுக்கும் பிளே (ஓடு) கட்டளை போகும். அந்த வால்வும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஒழுங்கான வழி, இதயம் கிளிப்பின் 'டிக்எனேபிள்ட்' பண்பை ஃபால்ஸ் ஆக்குவது. அனிமேட்டின் கேன்வாஸ் வெளியீடு கிரியேட்ஜேஎஸ் நூலகத்தின் மேல் ஓடுகிறது. அதில் மூவி கிளிப் அடுத்த பிரேமுக்கு நகர்வது மேலிருந்து வரும் 'டிக்' என்ற நேர சமிக்ஞையால்தான். அந்த டிக்கை இதயத்தின் வாசலிலேயே மறித்துவிட்டால், உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் எதற்கும் போகாது. மறுபடி ட்ரூ ஆக்கினால் ஓடியது விட்ட இடத்திலிருந்து ஓடும், நாம் நிறுத்தி வைத்த வால்வு நின்றபடியே இருக்கும். எந்தெந்தக் கிளிப் நின்றிருந்தது என்று நாம் கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

வால்வுகளைத் தனியாகக் கட்டுப்படுத்தும் தேவையே இல்லையென்றால், அவற்றைக் கிராஃபிக் சிம்பலாக வைப்பது இன்னும் எளிது. கிராஃபிக் தன் தாய் டைம்லைனோடு ஒட்டியே நகரும். தாய் நின்றால் அதுவும் நிற்கும். ஆனால் தாயில் ஒரே ஒரு பிரேம்தான் இருக்கிறது என்றால் கிராஃபிக் அசையவே அசையாது.

அடுத்து, என் கணக்கில் ஆளை அதிகமாகச் சுற்றலில் விடும் தவறு. பட்டனுக்கான கிளிக் லிசனரை, அதாவது கிளிக் நடந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனை, முதல் பிரேமின் ஸ்கிரிப்டில் எழுதுகிறோம். டைம்லைன் முடிந்து மறுபடி முதல் பிரேமுக்கு வரும்போதெல்லாம் அந்த ஸ்கிரிப்ட் திரும்ப ஓடும், லிசனர் ஒன்று கூடும். ஒரே பட்டன்தான் நிறுத்தவும் தொடரவும் என்றால், இரண்டாம் சுற்றில் ஒரே அழுத்தத்துக்கு இரண்டு லிசனர் ஓடி, ஒன்று நிறுத்த மற்றொன்று உடனே தொடர வைக்கும். பார்ப்பவருக்குப் பட்டன் செத்துப்போன மாதிரி இருக்கும். மூன்றாம் சுற்றில் மூன்று லிசனர். பட்டன் மறுபடி உயிரோடு இருக்கும்! ஒருமுறை வேலை செய்து ஒருமுறை மறுக்கிறது என்று யாராவது புகார் சொன்னால் முதலில் இங்கே பாருங்கள். லிசனருக்குள் 'திஸ்' என்ற சொல் நம் டைம்லைனையே குறிக்க வேண்டும் என்று 'பைண்ட்' போடுவோம்; பைண்ட் போட்ட ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதால், அப்புறம் அதே வரியை எழுதிப் பழையதை நீக்கவும் முடியாது. 'ஏற்கெனவே இணைத்தாயிற்று' என்று டைம்லைனிலேயே ஒரு குறி வைத்து, அது இல்லாதபோது மட்டும் இணையுங்கள்.

அந்த பைண்டையே விட்டுவிடுவது வேறு கதை. அப்போது லிசனருக்குள் 'திஸ்' என்பது நம் டைம்லைன் அல்ல என்பதால், இதயம் என்றொன்று இல்லவே இல்லை என்று பிழை வரும். லைப்ரரியில் பெயர் வைத்துவிட்டு, மேடையில் இருக்கும் கிளிப்புக்கு இன்ஸ்டன்ஸ் பெயர் (ஸ்கிரிப்ட் அதை அழைக்கும் பெயர்) வைக்க மறந்தாலும் இதே பிழைதான்.

பிளாஷ் காலத்துப் பழக்கங்கள் இரண்டு இன்னும் தொடர்கின்றன. பிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் பிரேம் எண்ணிக்கை 1-இல் தொடங்கும், கேன்வாஸில் 0. டைம்லைன் பேனலில் 10 என்று பார்த்து 10-க்குப் போகச் சொன்னால் 11-இல் போய் நிற்கும். எண்ணை விட்டு, பிரேமுக்கு வைக்கும் பெயரான லேபிளைப் பயன்படுத்துங்கள். நடுவில் நான்கு பிரேம் செருகினாலும் கவலை இல்லை. இன்னொன்று, 'திஸ்' இல்லாமல் வெறும் ஸ்டாப் எழுதுவது. அந்தப் பெயரில் உலாவிக்கே ஒரு கட்டளை உண்டு. பக்கம் ஏற்றப்படுவதை நிறுத்துவது அதன் வேலை. அதனால் பிழைச் செய்தியும் வராது, அனிமேஷனும் நிற்காது.

பட்டனில் வெறும் எழுத்து மட்டும் இருந்தால் கிளிக் ஏற்கும் பரப்பைக் குறிக்கும் அதன் 'ஹிட்' பிரேமில் ஒரு செவ்வகம் வரைந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தின் கோட்டில் சரியாகப் பட்டால்தான் கிளிக் ஆகும். எழுத்துகளுக்கு நடுவே விரல் பட்டால் ஒன்றும் நடக்காது.