ஒளியைவிட வேகமாகச் செய்தி: குவாண்டம் பின்னலைப் பற்றி யோசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலன் அஸ்பே, ஜான் கிளவுசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் குவாண்டம் பின்னல் பற்றிய சோதனைகளுக்காக 2022-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இரண்டு துகள்கள் தொலைவில் இருந்தாலும், அவற்றை அளந்தால் வரும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி பிணைந்திருப்பதுதான் பின்னல். ஒளியைவிட வேகமாகத் தகவல் போகும் என்று அவர்கள் நிரூபித்ததாக நினைப்பதுதான் முதல் தவறு. அவர்கள் காட்டியது வேறு.

பின்னிய ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடிகளைச் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் சுமார் 1,200 கி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு தரை நிலையங்களுக்கு அனுப்பியது 2017-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு ஃபோட்டானை அளந்தால் 0 அல்லது 1 என்று விடை வரும். ஒரு நிலையத்தின் பதிவை மட்டும் பார்த்தால், ஒழுங்கே இல்லாத 0, 1 வரிசைதான். 0 வர வேண்டுமா, 1 வர வேண்டுமா என்று அளப்பவர் முடிவு செய்ய முடியாது. மறுநிலையத்தில் எப்படி அளந்தாலும், அளக்காமலே விட்டாலும் இங்கே 0, 1 வரும் விகிதம் மாறாது. இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால்தான் பொருத்தம் தெரியும். ஒப்பிடுவதற்கு ஒரு பதிவு சாதாரண வழியில் வந்து சேர வேண்டுமே!

சரி, ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனது போலத்தானா? அதுவும் தவறு. விடைகள் புறப்படும்போதே தீர்மானமாகி, ஒன்றையொன்று பாதிக்காமல் இருந்தால் பொருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் காட்டினார். சோதனைகள் அந்த எல்லையை மீறுகின்றன; நோபல் பெற்ற மூவரும் காட்டியது இதைத்தான்.

மூன்றாவது தவறு புத்திசாலித்தனமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. "விடையைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் என்ன, அளக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாமே" என்ற யோசனை அது. ஒளியின் அதிர்வு எந்தத் திசையில், எந்த விதத்தில் இருக்கிறது என்பதே முனைவாக்கம். நேர்கோட்டு முனைவாக்கத்தில் அளந்தால் 'ஆம்', வட்ட முனைவாக்கத்தில் அளந்தால் 'இல்லை' என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் இருப்பவர் ஒற்றை ஃபோட்டானை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் லேசரால் அதைப் பல பிரதிகள் எடுத்தால்? இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட்டின் இந்தத் திட்டம் 1982-இல் ஆய்விதழிலேயே வெளியானது. அதை மதிப்பிட்ட ஆஷர் பெரஸ், அது தவறு என்று தெரிந்தேதான் வெளியிடச் சொன்னார். தவறு எங்கே என்று தேடினால் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்தது. அதே ஆண்டு வூட்டர்ஸும் சூரெக்கும், தனியாக டீக்ஸும், முன்பின் தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று நிறுவினார்கள். கிடைமட்ட, செங்குத்து முனைவாக்க ஃபோட்டான்களைச் சரியாகப் பிரதி எடுக்கும் கருவியில் 45 பாகை ஃபோட்டானைக் கொடுத்தால், இரண்டு 45 பாகை ஃபோட்டான்கள் வராது. பின்னிக்கொண்ட ஒரு ஜோடிதான் வரும். அதனால் ஹெர்பர்ட்டின் திட்டம் நடக்காது.

அப்புறம், 'டெலிபோர்ட்டேஷன்' என்ற பெயரைக் கேட்டும் ஏமாற வேண்டாம். 1993-இல் முன்மொழியப்பட்ட அந்த முறையில் ஒரு கியூபிட்டின் (குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு) நிலையை அனுப்ப, சாதாரணமான 2 பிட் தகவலும் கூடவே போக வேண்டும். அந்த 2 பிட் தகவல் ஒளியைவிட வேகமாகப் போகாது.