நோயின் பெயரைச் சொன்னால் போதாது: மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்டகால நோயாளிகள் பலர், நோயின் பெயரைச் சொன்னாலே மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் இருக்கின்றன. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்கள், தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா என்ற ரத்தக் கோளாறுகள் ஆகியவை அதில் உண்டு. சர்க்கரை நோயும் இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இல்லை. வாரம் தவறாமல் டயாலிசிஸுக்குப் போகிறவரிடம் இதைச் சொல்ல எனக்கே நா எழுவதில்லை. இருந்தாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

அதற்காகச் சர்க்கரை நோயாளிக்கு வழியே இல்லை என்று திரும்பிவிடவும் கூடாது. புண் ஆறாமல் காலை எடுக்க நேர்ந்தவர் கை, கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் விண்ணப்பிக்கலாம். விழித்திரை கெட்டுப் பார்வை குறைந்தவர் பார்வைக் குறைபாட்டின் கீழ் கேட்கலாம். நோயால் உடம்பு எதை இழந்தது என்று பார்த்துத்தான் மருத்துவக் குழு சதவீதம் போடுகிறது. இரண்டு பாதிப்பும் இருந்து ஒன்றை மட்டும் காட்டிவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் தவறு. கண்ணுக்கு 30, காலுக்கு 20 என்று வந்தால், தனித்தனியே எதுவும் 40-ஐ எட்டாது. சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தில் ஏறக்குறைய 43 வரும். நேரடியாகக் கூட்டி 50 என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பெரும்பாலான சலுகைகளின் வாசலான 40-ஐ அது தாண்டிவிடும்.

அடுத்தது, நம் ஊர்ப் பண்பாட்டிலேயே ஊறிய ஒரு தவறு. மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டதும் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிடுகிறோம். பெரியவர்கள் முன்னால் புலம்பக் கூடாது என்ற வளர்ப்பு அது. அறைக்குள் இருக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு சொல் நிறையக் கெடுத்துவிடும். பார்க்கின்சன் நோயாளி காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணிக்குக் குழுவின் முன் நடந்து காட்டினால், நடை சீராகத்தான் தெரியும். மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு நாற்காலியிலிருந்து எழ ஆள் தேவைப்படுவதை யார் சொல்வது? மாத்திரை போட்ட நேரம், அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது, சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைந்து உண்ண, கழிப்பறை போய்வர யார் துணை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரை அழைத்துச் செல்லுங்கள். நோயாளி விழுங்கிவிடுவதை அவர் சொல்வார். இல்லாததைக் கூட்டிச் சொன்னாலோ, உண்மையாக இருக்கும் பாதிப்பின்மீதும் மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தனியார் மருத்துவர் எழுதித்தரும் கடிதம் சான்றிதழ் ஆகாது. ஆனால் அங்கே எடுத்த ஸ்கேன், நரம்புப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் நல்ல ஆதாரம். கடைசி மருந்துச் சீட்டை மட்டும் மடித்து எடுத்துப்போவதைவிட, ஆண்டு வரிசையில் அடுக்கிய கோப்பு பேசும்.

விண்ணப்பத்தில் சிக்குவது பெரும்பாலும் இனிஷியல். ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து முன்னால் நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மருத்துவப் பரிசோதனை முகாம் தேதி பற்றிய குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். அவர் அதை எப்போதோ அழித்திருப்பார். இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காசைக் கொடுக்காதீர்கள்.

அட்டை கைக்கு வந்ததும் எல்லாமே கிடைத்துவிட்டது என்று எண்ணுவது இன்னொரு தவறு. அட்டை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நிபந்தனை, தனி விண்ணப்பம். தமிழ்நாட்டில் மாதந்தோறும் தரப்படும் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அது குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே. ஹீமோபிலியா உள்ள மாணவர் 40 சதவீதம் பெற்றிருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதே சட்டத்தின் 4 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டில் ரத்தக் கோளாறுகள் சேர்க்கப்படவில்லை. ஏன் என்று கேட்டால் சட்டம் எழுதியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வருமான வரியில் 75,000 ரூபாய்க் கழிவும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய்க் கழிவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே.

சான்றிதழில் ‘தற்காலிகம்’ என்று இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். மாறக்கூடிய பாதிப்புகளுக்கு முடிவுத் தேதியோடுதான் தருவார்கள். அந்தத் தேதி கடந்தபின் ஓடுவதைவிட, சில மாதங்கள் முன்பே மறுமதிப்பீட்டுக்கு மனு கொடுப்பது நல்லது.

38 சதவீதம் என்று எழுதிக்கொடுத்தால் அதோடு வீட்டுக்குப் போய்விட வேண்டியதில்லை. சான்றளிக்கும் மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. எந்தப் பாதிப்பு கணக்கில் வரவில்லை, அதற்கான பரிசோதனை அறிக்கை எது என்று மனுவில் குறிப்பாக எழுதுங்கள். ‘நான் மிகவும் ஏழை, கருணை காட்டவும்’ என்ற வரியால் சதவீதம் ஏறாது. மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராமல் இழுத்தடித்தால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு மனு கொடுக்கலாம்.