ஐ.சி.யூ.வில் நம்மவர் இருக்கும்போது ஈஸ்ட் தொற்றைத் தடுப்பது எப்படி?

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஒரு நர்சிங் ஹோமிலோ வீட்டு ஆளைச் சேர்த்துவிட்டுத் துணைக்கு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பில், மருந்துச் சீட்டு, சாப்பாடு என்று ஏற்கெனவே அலைச்சல்தான். இருந்தாலும் இதையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காப்பாற்றும் வேலை.

காண்டிடா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா கிடக்கிறது. நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறும்போது அதை அடக்கிவைத்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, ஈஸ்ட் பெருகுகிறது. அப்புறம் கழுத்தில் போட்ட சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் விடும் குழாய்) வழியாகவோ, ஆபரேஷன் ஆன வயிற்றிலிருந்தோ ரத்தத்துக்குள் நுழைகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆபத்து கூடுதல். இதன் உறவான காண்டிடா ஆரிஸ் 2009இல் ஜப்பானில் முதலில் கண்டறியப்பட்டது. இந்திய ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. பலருக்கும் தெரிந்த ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு இது பெரும்பாலும் மசியாது. கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

படி 1: கை

நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் சானிடைசரை 20 முதல் 30 நொடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் படும்படி தேயுங்கள். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 நொடி. காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு அப்படியே எட்டிப் பார்க்க வரும் மாமாவுக்கும் இதே விதிதான். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கை கழுவ வேண்டும். ஒரு படுக்கையில் உதவிவிட்டு அதே கையோடு பக்கத்துப் படுக்கைக்குப் போகாதீர்கள்.

படி 2: குழாய்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது, "டாக்டர், இந்த லைன் இன்னைக்கும் தேவையா? யூரின் ட்யூபை எடுத்துடலாமா?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேவையில்லாத ஒவ்வொரு குழாயும் ஈஸ்ட்டுக்குத் திறந்த வாசல். லைன் போட்ட இடத்தில் பிளாஸ்திரி நனைந்தோ பிய்ந்தோ இருந்தால் நீங்களே ஒட்டாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். யூரின் பை தரையில் படக்கூடாது. இடுப்புக்கு மேலே தூக்கவும் கூடாது.

ஒரு விஷயம்: ட்யூப் போட்டவரின் யூரினில் ஈஸ்ட் தெரிந்தால் பதறாதீர்கள். பல நேரம் அது ட்யூபில் ஒட்டியிருப்பதுதான்; ட்யூபை எடுத்தாலே போய்விடும். மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

படி 3: வாயும் தோலும்

வாயைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் சிஸ்டரிடம் காட்டுங்கள். நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில் அக்குள், தொடை இடுக்கு, டயப்பருக்குள் ஈரம் தங்கும். துடைத்து, உலரவிட்டு, அப்புறம் துணி மாற்றுங்கள்.

படி 4: சுற்றுப்புறம்

பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். பல தரை க்ளீனர்களில் இருக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் மட்டும் ஆரிஸுக்குப் போதாது. குளோரின் சார்ந்தது வேண்டும். வார்டில் அதை ஊழியர்கள் செய்வார்கள். வீட்டுக்கு வந்தபின் நீங்கள் செய்வதானால், பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்ட சோடியம் ஹைப்போகுளோரைட் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டு, பிறகு இதைத் தடவி 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். டாய்லெட் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

படி 5: காய்ச்சல் விடாவிட்டால்

ஆன்டிபயாடிக் ஏறியும் காய்ச்சல் நிற்கவில்லையா? "பூஞ்சைத் தொற்றாக இருக்குமா, பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. ரிசல்ட் வரச் சில நாள் ஆகலாம். உள்ளே தொற்று இருந்தும் கல்ச்சர் பாதிப் பேருக்குக் காட்டாமல் போவதுண்டு. ரத்தத்தில் தொற்று உறுதியானால் காஸ்போஃபங்கின், மைகாஃபங்கின் போன்ற ஊசிகள் போடுவார்கள். ரத்தத்தில் ஈஸ்ட் இல்லை என்று கல்ச்சர் காட்டிய நாளிலிருந்து பொதுவாக 14 நாளாவது மருந்து தொடரும். காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள். கண் பரிசோதனையும் கேட்பார்கள். ஈஸ்ட் கண்ணுக்குள் போகலாம்.

படி 6: வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது

சின்ன நர்சிங் ஹோமிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது இங்கே வழக்கம். கல்ச்சரில் ஆரிஸ் வந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் ஆளாக நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மறைத்தால் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போகும். தோலில் மட்டும் ஆரிஸ் இருந்து தொற்று இல்லையென்றால் பொதுவாக மருந்து தேவைப்படாது. ஆரோக்கியமாக இருக்கும் வீட்டாருக்கு ஆபத்து குறைவு. கை கழுவிக்கொண்டு தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம்.