பச்சைக் களிம்பை நம்பாதீங்க

"சோழர் காலத்து ஐம்பொன், வயல்ல கிடைச்சது" என்று யாராவது சிலையைக் காட்டினால், மேலே ஏறியிருக்கும் பச்சைக் களிம்பை, அதாவது செம்பில் படியும் பச்சைப் படிவைப் பார்த்து மயங்காதீர்கள். அமிலம் தடவி மண்ணில் புதைத்தாலே அந்தப் பச்சை வந்துவிடும். ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் ஒட்டினால் சந்தேகம்தான். பழைய களிம்பு உலோகத்தோடு இறுகியிருக்கும், பெரும்பாலும் அடியில் செம்பழுப்பு அடுக்கும் தெரியும்.

நான் முதலில் பார்ப்பது மூக்கையும் முழங்காலையும். தலைமுறைகளாக அபிஷேகம் கண்ட உற்சவரில் மேடான இடங்கள் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஆபரண இடுக்குகள் அவ்வளவாகத் தேயாது. போலியில் எல்லாமே ஒரே சீராக மழுங்கியிருக்கும். ஊர்வலத்தில் கம்பு கோத்துத் தூக்கும் பீடத்து வளையங்களிலும் உராய்வுத் தடம் தேடுங்கள்.

வயல் கதை நிஜமென்றாலும் வம்புதான்: 1878 புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். நூறாண்டு கடந்த சிலைக்கு 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்றும் வேண்டும். பேசாமல் சிலை வார்க்கும் ஊரான சுவாமிமலையில் புதுசை, புதுசு என்றே வாங்கலாம்.