புதிர்த் தொகுப்பை நடத்துபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஓப்பன் சோர்ஸில் புதிர் விளையாட்டுத் தொகுப்பு ஒன்றை நடத்துபவர்கள் முதலில் கை வைப்பது நிறத்திலும் அசைவிலும்தான். ஆடுகிறவர் கோபித்துக்கொண்டு போவது அதற்காக அல்ல. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, இதற்கு விடையே கிடையாது என்று தெரியும்போதுதான்.

நான்குக்கு நான்கு கட்டத்தில் எண்களை நகர்த்தும் பதினைந்து புதிரையே பாருங்கள். 1 முதல் 15 வரை எண்கள், ஒரு கட்டம் காலி. எண்களைப் பட்டியலில் போட்டுக் குலுக்கிவிட்டால் கலைத்தாயிற்று என்று தோன்றும். ஆனால் அப்படி வரும் நிலைகளில் சரிபாதி, எப்படி நகர்த்தினாலும் ஒழுங்குக்கு வராது. 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறி நிற்பது அதில் ஒன்று; அது முடியாது என்று 1879-லேயே நிறுவிவிட்டார்கள். குலுக்கியதும் ஒற்றை இரட்டைக் கணக்கை (பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஜோடிகள் எத்தனை, காலிக் கட்டம் எந்த வரிசையில் என்ற கணக்கை) சரிபார்த்து, பிசகினால் ஏதாவது இரண்டு எண்களை மாற்றிப் போட்டால் போதும். நாலைந்து வரி வேலை. எழுதியவர் இரண்டு முறை ஆடிப் பார்த்து, இரண்டும் முடிந்துவிட்டால், இந்தப் பிழை வெளியே தெரியாது.

சுடோகுவில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். எண்களைக் கண்டபடி அழித்துவிட்டு, விடை ஒன்றுதான் இருக்கும் என்று நம்பிவிடுவது. ஒவ்வோர் எண்ணை அழிக்கும்போதும் தீர்க்கும் நிரலை ஓட்டி, திணறினால் அந்த எண்ணைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த நிரலும் ஊகித்துப் பார்க்காமல், மனிதர் யோசிப்பதுபோல் படிப்படியாகத் தீர்க்க வேண்டும்; எளிது, கடினம் என்ற தரமும் அதிலிருந்தே கிடைக்கும். சைமன் டாதம் என்ற நிரலாளரின் ஓப்பன் சோர்ஸ் புதிர்த் தொகுப்பில் கண்ணிவெடி விளையாட்டு (மைன்ஸ்வீப்பர்), முதல் கட்டத்தைத் திறந்த பிறகே வெடிகளை வைத்து, ஊகமின்றி முடிக்க வழி வரும்வரை மாற்றிமாற்றிப் பார்க்கிறது.

அப்புறம் புதிரின் அடையாள எண்; அதைக் கொடுத்தால் அதே புதிர் மறுபடி வர வேண்டும். நிரல்மொழியோடு வரும் ராண்டம் எண் நிரலை அப்படியே நம்பினால், ஒரே எண் விண்டோஸில் ஒரு புதிரும் லினக்ஸில் இன்னொன்றும் தரக்கூடும். டாதம் தொகுப்பு அதற்குச் சொந்தமாகவே ஒன்று வைத்திருக்கிறது. அடையாளமும் அங்கே இரண்டு வகை: நடுவில் # வந்தால் புதிரை உருவாக்கும் விதை (ராண்டம் நிரலுக்குக் கொடுக்கும் தொடக்க மதிப்பு), : வந்தால் கட்டத்தின் முழு விவரம். உருவாக்கும் நிரலைத் திருத்தினால் விதை வேறு புதிரைத் தந்துவிடலாம். நண்பருக்கு அனுப்ப, சேமித்துவைக்க, முழு விவரமே பாதுகாப்பு.

திரையில் வரைவதையும் விதிகளையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள். இரண்டும் பிரிந்திருந்ததால்தான் சி மொழியில் எழுதிய டாதமின் விளையாட்டுகள் பிரவுசருக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போக முடிந்தது.

உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் வம்பு. விளையாட்டின் விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்பது சரி. ஆனால் டெட்ரிஸை அச்சடித்ததுபோல் செய்த ஒரு விளையாட்டு 2012-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது.

வருகிற புது விளையாட்டையெல்லாம் சேர்க்கவும் வேண்டாம். எழுதி அனுப்பியவர் போய்விடுவார், பிழைப் புகார்கள் உங்களிடம் வரும். டாதம் தொகுப்பில் அரைகுறையாக நிற்பவற்றுக்கென்றே தனி ஃபோல்டர் இருக்கிறது.